நீலகிரி மலர்த் தோட்டங்களில் புதிய இலைப்பேன்: வைரஸ் நோயைப் பரப்புமா?

நீலகிரி மாவட்டத்தில் உதகை, குன்னூர், கோத்தகிரி பகுதிகளில் பசுமைக்குடில் அமைத்துக் கொய்மலர் சாகுபடி செய்யும் விவசாயிகள் பலர். அவர்களுக்கு அடுத்த வயலிலேயே தக்காளி, குடைமிளகாய், உருளைக்கிழங்கு, பட்டாணி ஆகியவை திறந்தவெளியில் விளைகின்றன. இந்த இரு தரப்பினரையும் ஒரே சமயத்தில் கவலைக்கு உள்ளாக்கக்கூடிய பூச்சி ஒன்று இந்தியாவுக்குள் வந்துவிட்டது. அதன் பெயர் மேற்கத்திய மலர் இலைப்பேன். பூச்சி நூலில் இதற்கு ‘பிராங்கிளினியெல்லா ஆக்சிடென்டாலிஸ்’ என்று பெயர்.

இலைப்பேன் மலை விவசாயிக்குப் புதிதல்ல. வெங்காயம், பூண்டு, ரோஜா, தேயிலை ஆகியவற்றில் ஏதாவது ஓர் இலைப்பேன் எப்போதும் இருந்து வருகிறது. சாற்றை உறிஞ்சுவதால் இலை வெளுக்கும், இதழில் கோடு விழும், விலை குறையும். அந்த நஷ்டத்தைக் கணக்குப் பார்த்து மருந்தடித்துச் சமாளித்துவிடலாம். ஆனால் புதிதாக வந்த பூச்சி வைரஸ் நோயையும் சுமந்து வருமானால் கணக்கே மாறிவிடும். பூச்சியைக் கொல்ல மருந்து உண்டு. செடிக்குள் புகுந்த வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. ஆகவே, ‘இந்தப் பூச்சி வைரஸைப் பரப்புமா, பரப்பாதா’ என்ற கேள்விக்குச் சரியான விடை தெரிந்துகொள்வது பணம் போட்டவருக்கு மிக அவசியம்.

பூச்சி வந்த வழி

இந்த இலைப்பேனின் தாயகம் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதி. 1895-ஆம் ஆண்டிலேயே பெர்கண்டே என்ற அறிஞர் இதற்குப் பெயரிட்டு விவரித்தார். பல ஆண்டுகள் தன் ஊரிலேயே இருந்த பூச்சி, பூங்கொத்துகளும் நாற்றுகளும் நாடு விட்டு நாடு போகத் தொடங்கிய பிறகு அவற்றோடு பயணம் புறப்பட்டது. 1983-இல் நெதர்லாந்து நாட்டுப் பசுமைக்குடில்களில் காணப்பட்டது. அதன் பிறகு சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பா முழுவதும் பரவிவிட்டது.

இந்தியாவில் இப்பூச்சி இருப்பதை இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த விஞ்ஞானிகள் 2015-இல் வெளியிட்டனர். தென்னிந்தியாவில் இது இருப்பதைக் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2016-இல் பதிவு செய்தனர்.

பூச்சி மிகவும் சிறியது. நீளம் ஒன்று முதல் ஒன்றரை மில்லி மீட்டர்தான் இருக்கும். நிறம் வெளிர் மஞ்சளிலிருந்து பழுப்பு வரை மாறும். வெறும் கண்ணால் பார்த்து ‘இது புதிய இலைப்பேன், இது பழைய இலைப்பேன்’ என்று யாராலும் சொல்ல முடியாது. நுண்ணோக்கியில் வைத்து, உடலில் உள்ள மயிர்களின் அமைப்பைப் பார்த்துத்தான் இனம் பிரிக்கிறார்கள்.

நீலகிரியில் நோயின் பழைய கதை

இப்பூச்சி பரப்பும் வைரஸ்களில் முதன்மையானது தக்காளிப் புள்ளி வாடல் வைரஸ். இந்நோய் 1915-இல் ஆஸ்திரேலியாவில் தக்காளியில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது. இதைப் பரப்புவது இலைப்பேன் என்று அங்கேயே 1927-இல் கண்டார்கள். நோய்க்குக் காரணம் வைரஸ் என்பது 1930-இல் உறுதியாயிற்று. இந்த வைரஸின் ஆங்கிலப் பெயரில் உள்ள எழுத்துகளைச் சேர்த்துத்தான் இந்தக் குடும்பத்து வைரஸ்களுக்கு ‘டாஸ்போ’ என்று பெயர் வந்தது.

இந்த வைரஸ் பற்றிய பேச்சில் நீலகிரிக்குத் தனி இடம் உண்டு. இம்மலையில் 1964-இல் தக்காளியில் காணப்பட்ட ஒரு நோயைப் புள்ளி வாடல் என்று இனங்கண்டு, அதை இந்தியாவின் முதல் பதிவாக 1975-இல் ‘மெட்ராஸ் வேளாண்மை இதழி’ல் வெளியிட்டார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2015-இல், நீலகிரியில் சாமந்திச் செடிகளில் இதே வைரஸ் இருப்பதை வேளாண்மைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் நவீனச் சோதனைகள் மூலம் கண்டறிந்து அறிவித்தனர். சாமந்தியில் இந்த வைரஸ் இந்தியாவில் அறிவிக்கப்பட்டது அதுவே முதல் தடவை.

வைரஸ் மலையில் இருக்கிறது. அதைத் திறமையாகப் பரப்பும் பூச்சியும் தென்னிந்தியாவுக்கு வந்துவிட்டது. இரண்டும் ஒரே தோட்டத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதே இப்போதைய பிரச்சினை.

பூச்சி இருந்தால் மட்டும் போதாது

நோய் வந்த வயலில் ஒரு பூச்சி நிறைய இருந்தால், ‘இதுதான் கொண்டு வந்தது’ என்று உடனே சொல்லிவிடுவது இயல்பு. ஆனால் அப்படிச் சொல்லிவிட முடியாது என்பதற்கு நம் நாட்டு நிலக்கடலையே சாட்சி.

நிலக்கடலையில் மொட்டுக் கருகல் என்ற நோய் வருகிறது. ஐதராபாத் அருகே பட்டான்சேருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனத்தார் இதை ஆராய்ந்து, தக்காளிப் புள்ளி வாடல் வைரஸ்தான் இதற்குக் காரணம் என்று 1979-இல் வெளியிட்டனர். பரப்பும் இலைப்பேன் எது என்றும் அடுத்த சில ஆண்டுகளில் பெயர் சொல்லப்பட்டது. பின்னர் அதே நிறுவனத்தாரின் ஆய்வுகள் அந்த முடிவைத் திருத்தின. இந்த வைரஸ் தக்காளிப் புள்ளி வாடல் வைரஸ் அல்ல, அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொன்று என்று 1992-இல் தெளிவாயிற்று. பரப்பும் பூச்சியும் முன்பு சொன்னதல்ல. ‘திரிப்ஸ் பால்மி’ என்ற வேறோர் இலைப்பேன் என்பதும் உறுதியாயிற்று. நல்ல ஆய்வுக்கூடமும் அனுபவமும் உள்ளவர்களுக்கே பூச்சியின் இனத்தை நிச்சயிக்கப் பல ஆண்டுகள் ஆயின என்றால், வயல் வரப்பில் நின்று பார்த்துச் சொல்வது எவ்வளவு தூரம் சரியாக இருக்கும்?

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட இலைப்பேன் இனங்கள் ஆறாயிரத்துக்கு மேல். இவற்றில் டாஸ்போ வைரஸ்களைப் பரப்புவதாக நிரூபிக்கப்பட்டவை ஏறத்தாழ பதினைந்து இனங்களே. மற்றவை சாற்றை உறிஞ்சும், பூவைக் கெடுக்கும். ஆனால் இந்நோயைப் பரப்புவதாக நிரூபிக்கப்படவில்லை. மேற்கத்திய மலர் இலைப்பேன் அந்தப் பதினைந்தில் ஒன்று. அதுமட்டுமல்ல, தக்காளிப் புள்ளி வாடல் வைரஸைப் பரப்புவதில் உலகெங்கும் முதலிடம் வகிப்பதும் அதுவே.

ஆகவே கேள்விக்கு நேரான விடை: இந்தப் பூச்சி வைரஸைப் பரப்பும், சந்தேகமில்லை. ஆனால் எப்படிப் பரப்பும் என்பதில்தான் விவசாயிக்குத் தேவையான விஷயம் இருக்கிறது.

அசுவினிக்கும் இலைப்பேனுக்கும் உள்ள வித்தியாசம்

உருளைக்கிழங்கு பயிரிடும் நீலகிரி விவசாயிக்கு அசுவினியைத் தெரியும். உருளைக்கிழங்கில் வரும் ‘ஒய்’ வைரஸை அசுவினி சில விநாடிகளிலேயே எடுத்துக்கொண்டு, அடுத்த செடியில் மூக்கைக் குத்திய உடனே கொடுத்துவிடும். வைரஸ் அதன் ஊசி போன்ற வாய் நுனியில் ஒட்டிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். ஒன்றிரண்டு செடிகளில் குத்திய பிறகு அந்த அசுவினி பெரும்பாலும் சுத்தமாகிவிடும்.

உருளைக்கிழங்கின் இலைச்சுருட்டு வைரஸ் வேறு மாதிரி. அதை எடுத்துக்கொள்ள அசுவினி நோயுற்ற செடியில் வெகுநேரம் உட்கார்ந்து உறிஞ்ச வேண்டும். வைரஸ் குடலுக்குள் போய், இரத்தத்தில் கலந்து, எச்சில் சுரப்பிக்கு வந்து சேர வேண்டும். அதன் பின் அந்தப் பூச்சி பல நாட்கள் நோயைப் பரப்பிக்கொண்டே இருக்கும்.

இலைப்பேன் இந்த இரண்டையும்விட ஒரு படி மேலே போகிறது. புள்ளி வாடல் வைரஸ் இலைப்பேனின் உடலுக்குள் நுழைந்து அங்கேயே பெருகுகிறது. இதை 1993-இல் வெளியான ஆய்வுகள் நிலைநாட்டின. செடிக்கு நோயாக இருப்பது பூச்சிக்குள்ளும் வளர்கிறது. ஒருமுறை வைரஸைப் பெற்ற இலைப்பேன் சாகும்வரை அதைச் சுமந்து திரியும். ஆரோக்கியமான செடியில் சில நிமிடங்கள் உறிஞ்சினாலே போதும், நோய் தொற்றிவிடும்.

குஞ்சுப் பருவமே முக்கியம்

இங்கேதான் இயற்கை விவசாயிக்கு ஒரு வசதியை வைத்திருக்கிறது. வளர்ந்த இலைப்பேன் நோயுற்ற செடியில் எவ்வளவு நாள் உட்கார்ந்து உறிஞ்சினாலும் நோய் பரப்பும் பூச்சியாக மாறுவதில்லை. வைரஸ் அதன் குடலுக்குள் போகலாம். ஆனால் எச்சில் சுரப்பி வரை போய்ச் சேருவதில்லை. குஞ்சாக இருக்கும்போது, அதுவும் முதல் பருவத்திலும் இரண்டாம் பருவத்தின் தொடக்கத்திலும், நோயுற்ற செடியைத் தின்ற பூச்சிதான் வளர்ந்த பிறகு நோயைப் பரப்பும். முட்டை வழியாகத் தாயிடமிருந்து குஞ்சுக்கு வைரஸ் போவதும் இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக நோயுற்ற செடியில் பிறந்து வளர்ந்தால்தான் வைரஸைப் பெற முடியும்.

பூச்சியின் வாழ்க்கையை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தாய்ப்பூச்சி இலை, மொட்டு, பூ இவற்றின் சதைக்குள் முட்டையைச் செருகி வைக்கும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு இறக்கை இல்லாதது. பிறந்த செடியிலேயே தின்று வளரும். இரண்டு குஞ்சுப் பருவங்கள் முடிந்ததும் பெரும்பாலும் மண்ணிலோ சருகிலோ இறங்கிக் கூட்டுப்பருவம் கழிக்கும். பிறகு இறக்கை முளைத்துப் பறக்கும். வெப்பநிலை 25 டிகிரி சென்டிகிரேடு அளவில் இருந்தால் முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சி வரை சுமார் இரண்டு வாரம் ஆகும். 15 டிகிரி அளவில் ஐந்தாறு வாரம் பிடிக்கும்.

உதகையின் குளிர் விவசாயிக்கு ஓரளவு துணை. திறந்தவெளியில் பூச்சி மெதுவாகத்தான் பெருகும். ஆனால் பசுமைக்குடிலுக்குள் பகல் வெப்பம் ஏறிவிடுகிறது. பூ வளர்ப்பதற்காக உண்டாக்கிய அதே இதமான சூழ்நிலை இலைப்பேனுக்கும் வசதியாகப் போய்விடுகிறது. குடிலுக்குள் நோயுற்ற செடி ஒன்று மூலையில் நின்றுகொண்டிருந்தால், அதில் பிறக்கும் குஞ்சுகள் ஒவ்வொன்றும் வைரஸைப் பெற்று வெளிக்கிளம்பலாம். செடியில் இலைப்பேன் இருந்து வைரஸ் இல்லாவிட்டால் சாறு உறிஞ்சும் சேதம் மட்டுமே. வைரஸ் இருந்து இலைப்பேன் குஞ்சு இல்லாவிட்டால் நோய் அந்தச் செடியோடு நின்றுவிடும். இரண்டும் ஒரே செடியில் சேரும்போதுதான் ஆபத்து. சேராமல் பிரித்து வைப்பதே வைத்தியம்.

எப்படி நிரூபிக்கிறார்கள்?

ஒரு பூச்சி வைரஸைப் பரப்புகிறது என்று சொல்ல விஞ்ஞானிகள் கையாளும் முறை எளிதில் புரியக்கூடியது. வைரஸ் இல்லாத சுத்தமான பூச்சிகளைக் கூண்டில் வளர்ப்பார்கள். அவற்றின் இளங்குஞ்சுகளை நோயுற்ற இலையில் விடுவார்கள். அவை வளர்ந்து இறக்கை முளைத்த பின், ஆரோக்கியமான செடிகளுக்கு மாற்றுவார்கள். சில நாட்களில் அந்தச் செடிகளில் நோய் தோன்றுகிறதா என்று பார்ப்பார்கள். தோன்றினால் அதே வைரஸ்தானா என்று சோதனைக்கூடத்தில் உறுதி செய்வார்கள். வைரஸ் படாத பூச்சிகளை விட்ட செடிகள் பக்கத்திலேயே நோயின்றி நிற்க வேண்டும். இவ்வளவும் சரியாக வந்தால்தான் தீர்ப்பு.

நோயுற்ற வயலில் பிடித்த பூச்சியை அரைத்துச் சோதித்து ‘உள்ளே வைரஸ் இருக்கிறது’ என்று சொன்னால் போதாது. நோயுற்ற செடியின் சாற்றைக் குடித்த எந்தப் பூச்சியின் வயிற்றிலும் வைரஸ் இருக்கத்தான் செய்யும். வயிற்றில் இருப்பது வேறு, பரப்புவது வேறு.

சமவெளி மிளகாயில் வந்த கருப்பு இலைப்பேன்

இந்த வேறுபாடு ஏட்டுச் சுரைக்காய் அல்ல. சமவெளியில் அண்மையில் வந்த மற்றொரு புதிய இலைப்பேன் இதற்கு உதாரணம். ‘திரிப்ஸ் பார்விஸ்பைனஸ்’ என்ற அந்தப் பூச்சி இந்தியாவில் முதலில் பெங்களூரில் பப்பாளியில் 2015-இல் பதிவானது. 2021-இல் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் மிளகாய் வயல்களில் பூவுக்குள் புகுந்து பெருஞ்சேதம் விளைவித்தது. பூ உதிர்ந்தது, காய் பிடிக்கவில்லை. விவசாயிகள் அதைக் கருப்பு இலைப்பேன் என்று அழைத்தார்கள்.

இலை சுருண்டதையும் நுனி கருகியதையும் கண்டு, பூச்சியோடு புதிய வைரஸும் வந்துவிட்டதோ என்று பலர் அஞ்சினர். அந்த இலைப்பேன் டாஸ்போ வைரஸ்களைப் பரப்புவதாக நிலைநாட்டப்படவில்லை. சேதம் பெரும்பாலும் பூச்சி நேரடியாகச் சுரண்டி உறிஞ்சியதால் வந்ததே.

ஆனாலும் இலைப்பேனுக்கு வேறொரு வழியும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டில் நிலக்கடலையில் தண்டு கருகல் நோய் பெரும் பரப்பில் வந்தது. அதற்குக் காரணம் புகையிலைக் கீற்று வைரஸ். பார்த்தீனியம் களையின் மகரந்தத்தில் அந்த வைரஸ் இருந்தது. பூவுக்குள் புரண்ட இலைப்பேன்கள் மகரந்தத்தைத் தங்கள் உடலில் ஒட்டிக்கொண்டு போய்க் கடலைச் செடியில் உதிர்த்தன. அந்தச் செடியைச் சுரண்டித் தின்றபோது ஏற்பட்ட காயத்தின் வழியே வைரஸ் உள்ளே புகுந்தது. இங்கே வைரஸ் பூச்சியின் உடலுக்குள் வளரவே இல்லை. களையின் பூ, பூச்சியின் முதுகு, பயிரின் காயம் என்ற மூன்றும் சேர்ந்து வேலை செய்தன. ஆகவே புதிய பூச்சி ஒவ்வொன்றுக்கும் ‘எந்த வைரஸ், எந்த வழியில்’ என்று தனித்தனியே விடை காண வேண்டியிருக்கிறது.

தேயிலைத் தோட்டத்தாருக்கு

தேயிலைக் கொழுந்தைத் தாக்கும் இலைப்பேன் வேறு இனம். ‘சிர்டோதிரிப்ஸ் பைஸ்பினோசஸ்’ என்ற அது தென்னிந்தியத் தேயிலைக்கு நெடுங்காலமாக உள்ள பூச்சி. கொழுந்தின் மேல் கோடு போடும், இலை தடித்துச் சுருளும், பறிப்பு குறையும். ஆனால் தேயிலைக்கு வைரஸ் நோயைப் பரப்புவதாக அது நிரூபிக்கப்படவில்லை. ஆகவே சிறு தேயிலை விவசாயிகள் பக்கத்துப் பூந்தோட்டத்து வைரஸ் செய்தியைக் கேட்டுக் கூடுதலாக மருந்தடிக்க வேண்டியதில்லை. தேயிலையோடு ஓரத்தில் தக்காளியோ சாமந்தியோ வைத்திருப்பவர்கள் அந்தப் பயிர்களை மட்டும் கவனித்தால் போதும்.

நோயின் அடையாளங்கள்

தக்காளிப் புள்ளி வாடல் வைரஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செடி வகைகளில் தொற்றக்கூடியது. நீலகிரி விவசாயிக்கு வேண்டியவை இவை:

தக்காளி: இளம் இலைகள் வெண்கல நிறமாக மாறும். இலையில் கரும்புள்ளிகள் தோன்றும். நுனி கருகித் தொங்கும். காயிலும் பழத்திலும் வட்ட வட்டமான வளையங்கள் விழும். பழுத்த பழத்தில் இவை மஞ்சளும் சிவப்புமாகத் தெளிவாகத் தெரியும்.

குடைமிளகாய்: இலையில் மஞ்சள் வளையங்களும் கோடுகளும் காணும். காயில் நிறம் ஏறாத வட்டங்கள் நிற்கும். செடி குட்டையாகிவிடும்.

சாமந்தி: இலையில் மஞ்சள் அல்லது பழுப்புத் திட்டுகளும் வளையங்களும் தோன்றும். தண்டில் கருங்கோடு ஓடும். கீழ் இலைகள் காய்ந்து, ஒரு பக்கமாக வாடும். சில இரகங்களில் அறிகுறி மிக லேசாகவே இருக்கும். அவைதான் அதிக ஆபத்தானவை. நோய் இருப்பதே தெரியாமல் அவற்றிலிருந்து குச்சி எடுத்துவிடுவார்கள்.

உருளைக்கிழங்கு: இலையில் கருவளையங்கள், தண்டில் கருகல். இதே போன்ற அறிகுறிகள் வேறு நோய்களாலும் வரும் என்பதால் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

சந்தேகம் வந்தால் இலையோடு பூச்சியையும் சேர்த்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டால் எங்கே அனுப்புவது என்று வழி சொல்வார்கள். இலைகளை ஈரமில்லாத காகிதத்தில் மடித்துப் பாலிதீன் பையிலும், இலைப்பேன்களைப் பூவிலிருந்து வெள்ளைத் தாளில் தட்டி, சாராயம் கலந்த சிறு குப்பியிலும் எடுத்துச் செல்வது நல்லது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

சுத்தமான நாற்று: சாமந்தி குச்சி வைத்து வளர்க்கும் பயிர். தாய்ச்செடியில் வைரஸ் இருந்தால் குச்சி ஒவ்வொன்றிலும் போகும். நம்பகமான இடத்தில், சோதித்த தாய்ச்செடியிலிருந்து எடுத்த குச்சிகளையே வாங்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து செடி கொண்டு வருவதற்கு 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தடுப்பு ஆணையின்படி இறக்குமதி அனுமதி வேண்டும். யாரோ பையில் போட்டுக் கொண்டு வந்த குச்சியைப் புது இரகம் என்று ஆசைப்பட்டு வாங்குவது தனக்கு மட்டுமல்ல, ஊருக்கே கேடு. புதிய நாற்றுகளை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

ஒட்டும் அட்டை: இலைப்பேனை நீல நிறம் கவரும். நீல அட்டையில் பசை தடவிச் செடியின் நுனிமட்டத்தில் தொங்கவிட்டால், பூச்சி எப்போது வருகிறது, கூடுகிறதா, குறைகிறதா என்று தெரியும். கதவருகிலும் காற்று வரும் பக்கத்திலும் கட்டாயம் வைக்க வேண்டும். அட்டை எண்ணிக்கை பார்க்கும் கருவியே. அதை மட்டும் நம்பிப் பூச்சியை ஒழித்துவிட முடியாது.

பெட்டூனியா காவல்: உதகை வீட்டுத் தோட்டங்களில் சாதாரணமாகக் காணப்படும் பெட்டூனியா இந்நோய்க்கு நல்ல காவல்காரன். வைரஸ் சுமந்த இலைப்பேன் அதன் இலையில் உறிஞ்சினால், ஒரு வாரத்துக்குள் உறிஞ்சிய இடத்தில் பழுப்பு விளிம்புள்ள சிறு புள்ளி தோன்றிவிடும். இதற்கு ஏற்ற இரகங்களில் வைரஸ் செடி முழுவதும் பரவுவதில்லை. குடிலுக்குள் ஆங்காங்கே பெட்டூனியாத் தொட்டிகள் வைத்து, பூக்களைக் கிள்ளிவிட வேண்டும். பூ இருந்தால் பூச்சி இலையை விட்டுப் பூவுக்குப் போய்விடும். புள்ளி விழுந்தால் வந்த பூச்சியில் வைரஸ் உண்டு என்று அறியலாம்.

நோயுற்ற செடியை அகற்றுதல்: இதுவே எல்லாவற்றிலும் முக்கியமான வேலை. பூ வந்துவிட்டது, இன்னும் ஒரு பறிப்பு பார்ப்போம் என்று வைத்திருக்கும் நாட்களில்தான் குஞ்சுகள் வைரஸைப் பெறுகின்றன. செடியைப் பிடுங்குமுன் அதன் மேல் பாலிதீன் பையைக் கவிழ்த்துக் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிடுங்கும் அசைவில் பூச்சிகள் பறந்து பக்கத்துச் செடியில் உட்காரும். பிடுங்கியதைக் குடிலுக்கு வெளியே குவித்து வைக்காமல் உடனே ஆழமாகப் புதைக்க வேண்டும்.

களை: மணத்தக்காளி, ஊமத்தை போன்றவையும், பயிர் முடிந்த பின் தானாக முளைக்கும் தக்காளி, உருளைக்கிழங்குச் செடிகளும் வைரஸைத் தேக்கி வைக்கும். குடிலுக்குள்ளும், சுற்றிலும் சில மீட்டர் தூரத்துக்கும் களையில்லாமல் வைத்திருக்க வேண்டும். பயிர் நிற்கும்போது வெளியே பூத்த களையை வெட்டினால் பூச்சி குடிலை நோக்கி வரும்; ஆகவே நடவுக்கு முன்பே களையை அகற்றிவிடுவது சிறந்தது.

இடைவெளி: பயிர் முடிந்தவுடன் அடுத்த நடவு செய்யாமல், குடிலைக் காலியாக்கி, சருகு முழுவதையும் நீக்கி, மூன்று நான்கு வாரம் மூடி வைத்தால் மண்ணில் இருக்கும் கூட்டுப்பருவப் பூச்சிகள் வெளிவந்து தீனி இல்லாமல் மடியும். வெயில் நாட்களில் இது நன்றாகப் பலிக்கும்.

வலை: இலைப்பேன் நுழையாமல் தடுக்க வலைக் கண் சுமார் 0.2 மில்லி மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இவ்வளவு நுண்ணிய வலை காற்றோட்டத்தைக் குறைக்கும். அதற்கேற்ப வலைப் பரப்பைக் கூட்ட வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவு வைப்பது செலவு குறைந்த நல்ல காவல்.

மருந்து: இந்த இலைப்பேன் மொட்டுக்குள்ளும் பூவுக்குள்ளும் மறைந்திருப்பதால் மருந்து அதன் மேல் படுவது அரிது. முட்டை இலைச் சதைக்குள், கூட்டுப்பருவம் மண்ணில். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்ததால் பல நாடுகளில் இப்பூச்சி அந்த மருந்துகளுக்கு எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டது. ஆகவே வேப்பங்கொட்டைப் பருப்புச் சாறு 5 சதவிகிதம், அதாவது ஐந்து கிலோ பொடியை இரவு ஊறவைத்து வடிகட்டி நூறு லிட்டர் தண்ணீராக்கி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, குஞ்சுகள் தோன்றும் தொடக்கத்திலேயே தெளிப்பது நல்லது. இரசாயன மருந்து தேவையானால் அந்தப் பயிருக்கு அனுமதிக்கப்பட்டதை மட்டும், தோட்டக்கலை அலுவலரைக் கேட்டு, வெவ்வேறு வகைகளை மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். நோய் கண்ட செடிக்கு மருந்தடிப்பதால் செடி தேறாது, செலவுதான் மிச்சம்.

இரகம்: காட்டுத் தக்காளி இனத்திலிருந்து பெற்ற ‘எஸ்.டபிள்யூ-5’ என்ற எதிர்ப்புக் குணம் சில தக்காளி வீரிய இரகங்களில் சேர்க்கப்பட்டுள்ளது. அதையும் மீறும் வைரஸ் வகைகள் பல நாடுகளில் தோன்றிவிட்டன. ஆகவே எதிர்ப்பு இரகம் கிடைத்தாலும் மற்றக் காவல்களைக் கைவிடலாகாது.

ஊர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை

வெளியிலிருந்து வந்த ஒரு கிருமி மலையில் தங்கிவிட்டால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதை நீலகிரி ஏற்கெனவே அறியும். 1961-இல் உதகை அருகே விஜயநகரத்தில் உருளைக்கிழங்குத் தங்க நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. அது பரவாமலிருக்க, 1971-இல் நீலகிரியிலிருந்து விதைக் கிழங்கு வெளியே போகத் தடை வந்தது. நன்றாக விளைந்த வயல்காரரும் அந்தத் தடைக்கு உள்ளானார். பூச்சியும் புழுவும் பட்டா எல்லை பார்ப்பதில்லை.

இலைப்பேன் பறப்பதில் வல்லதல்ல. ஆனால் காற்று அதைத் தூக்கிச் செல்லும். ஒருவர் தம் குடிலில் நோயுற்ற செடியை விட்டு வைத்தால், அதில் வளர்ந்த பூச்சி மறுவாரம் அடுத்தவர் தக்காளியில் இருக்கும். ஒருவர் மட்டும் சுத்தமாக இருந்து பயனில்லை. ஒரு பள்ளத்தாக்கில் உள்ள மலர் விவசாயிகளும் காய்கறி விவசாயிகளும் கலந்து பேசி, சந்தேகமான செடியைக் கண்டவுடன் ஒளிக்காமல் சொல்வது, ஒரே வாரத்தில் களை எடுப்பது, ஒரே சமயத்தில் குடில்களைக் காலியாக விடுவது என்று ஏற்பாடு செய்துகொண்டால் செலவும் குறையும், பலனும் பெருகும்.

புதிய பூச்சி வந்ததும் மருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன், அது எந்தப் பூச்சி, என்ன நோய் என்று சோதித்து அறிவது முதல் வேலை. மேற்கத்திய மலர் இலைப்பேன்தான், புள்ளி வாடல்தான் என்று உறுதியானால், வளர்ந்த பூச்சியைத் துரத்துவதைவிட அது பிறந்து வளர்ந்த நோயுற்ற செடியை அன்றைக்கே அகற்றுவது அதிகப் பயன் தரும். அடுத்த தலைமுறைப் பூச்சிக்கு வைரஸ் கிடைக்காமல் செய்துவிட்டால், பூச்சி இருந்தும் நோய் பரவ வழியில்லாமல் போகும்.